மாசமா இருக்கும்போது என்ன சாப்பிடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பிணிகளின் சாப்பாடு பற்றி எழுதுவதில் முக்கால்வாசி குழந்தையைப் பற்றியே இருக்கிறது. அதன் எடை, மூளை, நிறம். அந்த ஒன்பது மாதமும் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்பவர்கள் குறைவு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, ராத்திரி நெஞ்செரிச்சல் இல்லாமல் தூங்குகிறாரா, நாள் முழுக்க எரிச்சலும் அழுகையுமாகப் போகிறதா? இவற்றில் பலதும் தட்டில் என்ன விழுகிறது, எப்போது விழுகிறது என்பதைப் பொறுத்தவை. அதனால் இந்தப் பக்கம் முதலில் அம்மாவைப் பற்றியது. தமிழ்நாட்டு வீடுகளில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளே இதில் இருக்கின்றன. உங்கள் டாக்டர் உங்களுக்கென்று தனியாக ஏதாவது சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

எப்போது பார்த்தாலும் அசதி, யார் பேசினாலும் எரிச்சல். சாப்பாட்டை மாற்றினால் சரியாகுமா?

ஓரளவு சரியாகும். கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடுகிறது. அதற்கு இரும்பும் புரதமும் வேண்டும். அவை கிடைக்காவிட்டால் அசதி, படபடப்பு, தலைசுற்றல் எல்லாம் வரும். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, காலையில் எல்லோருக்கும் டப்பா கட்டிக் கொடுத்து, பத்து மணிக்குத்தான் முதல் இட்லியை வாயில் வைக்கிறீர்களா? பதினான்கு மணி நேரம் வயிறு காலியாக இருந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். எழுந்த கொஞ்ச நேரத்தில் எதையாவது சாப்பிடுவது, பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடாமல் இருப்பது, இந்த இரண்டை மட்டும் செய்தாலே பல பேருக்கு நாள் கொஞ்சம் இலகுவாகிறது.

ஆனால் எல்லா அசதிக்கும் சாப்பாடு காரணமில்லை. தைராய்டு குறைவாக இருக்கலாம், தூக்கம் போதாமல் இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு தேறவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனிமேல் இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டும் என்கிறார்களே?

அவ்வளவு வேண்டாம். முதல் மூன்று மாதம் கூடுதலாக எதுவுமே தேவையில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம் சேர்ந்தால் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

நம் வீடுகளில் குறைவது சோறு இல்லை, புரதம்தான். நடு மூன்று மாதங்களில் தினமும் சுமார் 10 கிராமும், கடைசி மூன்று மாதங்களில் 22 கிராமும் வழக்கத்தைவிடக் கூடுதலாக வேண்டும். சாம்பாரில் பருப்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தால் அந்தக் கணக்கு தேறாது. கெட்டிப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் என்று வேளைக்கு ஒன்றாவது சோற்றுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. சாயங்காலச் சுண்டலும் ஏறக்குறைய அதே அளவு தரும். விலை கூடிய புரோட்டீன் பவுடர் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது.

நிறையச் சாப்பிட்டால் குழந்தை பெரிசாகிவிடும், ஆபரேஷன்தான் என்று பாட்டி சொல்கிறார். குறைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பாட்டி பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. ஆபரேஷன் வசதி இல்லாத காலத்தில் குழந்தை வெளியே வர முடியாமல் போனால் தாயும் பிழைப்பது அரிது. அதைக் கண்ணால் பார்த்த தலைமுறை, சின்னக் குழந்தையே நல்லது என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை. இன்று அந்த ஆபத்து வந்தால் கைகொடுக்க மருத்துவமனை இருக்கிறது. பட்டினி கிடந்து பெற்ற குழந்தை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்தால்தான் பிரச்சினை. அம்மாவுக்கும் பிரசவ வலியைத் தாங்கும் தெம்பு இருக்காது.

குழந்தை அளவுக்கு மீறிப் பெரிதாவதற்குப் பெரும்பாலும் கட்டுப்படாத சர்க்கரையும் ஏற்கெனவே இருந்த அதிக எடையும்தான் காரணம். பருப்பும் முட்டையும் கீரையும் சாப்பிட்டு யாருக்கும் அப்படி ஆவதில்லை. மொத்தத்தில் 10 முதல் 12 கிலோ கூடுவது நம் ஊரில் வழக்கமான அளவு. ஒல்லியாக இருப்பவர்கள் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவும், எடை கூடியவர்கள் குறைவாகவும் ஏறலாம்.

சாதம் கொதிக்கிற வாசனை வந்தாலே குமட்டுகிறது. எதுவும் உள்ளே போகவில்லை.

ஆறாவது வாரம் போலத் தொடங்கி, ஒன்பதாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலானவர்களுக்கு நான்காவது, ஐந்தாவது மாதத்தில் அடங்கிவிடும். அதுவரை சத்துக் கணக்கு எதுவும் பார்க்க வேண்டாம். எது உள்ளே தங்குகிறதோ அதைச் சாப்பிடுங்கள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே பொரி, பொட்டுக்கடலை, ரஸ்க் என்று உலர்ந்ததாக ஒன்றை வைத்துக்கொண்டு, எழுந்திருப்பதற்கு முன்பே கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டால் பல பேருக்குக் குமட்டல் குறைகிறது. சூடான சாப்பாட்டைவிட ஆறிய சாப்பாட்டில் வாசனை குறைவு. அதனால் தயிர் சாதம் இறங்கும்போது தாளித்த குழம்பு இறங்காது. இஞ்சி உதவும். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல், இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

இந்த வாரங்களில் சமையலறைப் பக்கம் போகாமல் இருப்பதே பெரிய மருந்து. அதை வீட்டில் இருக்கிற மற்றவர்கள்தான் தர முடியும்.

தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் அடர் மஞ்சளாகக் குறைவாகப் போகிறது, எடை இறங்குகிறது என்றால் “மசக்கைதானே” என்று விட்டுவிடக் கூடாது. அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பான வாந்தி மாத்திரைகள் இருக்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டிய அவசியம் இல்லை.

ரத்தம் குறைவு என்று சொல்லிவிட்டார்கள். மாதுளை, பீட்ரூட், பேரீச்சம்பழம் எல்லாம் சாப்பிடுகிறேன். ஏறவே இல்லையே?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கர்ப்பிணிகளின் நாளை அதிகமாகக் கெடுப்பது இதுதான். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் சோகை. 7க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்தான நிலை. இடையில் 8, 9 என்று இருப்பவர்கள் எப்படியோ நடமாடிக்கொண்டிருப்பார்கள், அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை. குடத்தைத் தூக்கினால் மூச்சு இரைக்கும், மதியம் ஆனால் கண் சொருகும், எதிலும் மனம் ஒட்டாது. “இப்பவே இப்படிச் சோம்பேறியா இருக்கா” என்று பேச்சும் வாங்குவார்கள். இரும்பு ஏறியதும் அதே பெண் எப்படி மாறுகிறார் என்று பாருங்கள்.

சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறவைக்காது. மாதுளையில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. பீட்ரூட்டும் அப்படித்தான். பேரீச்சம்பழத்திலும் பெயருக்குத்தான் இருக்கிறது. சாப்பிடுங்கள், தவறில்லை. ஆனால் அதை நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள். கம்பு, கொள்ளு, காராமணி, எள், முருங்கைக்கீரை ஆகியவற்றில் இரும்பு கூடுதல். கறி, மீனில் இருக்கும் இரும்பை உடம்பு இன்னும் எளிதாக எடுத்துக்கொள்ளும். ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வாங்கிக் கொடுக்கும் பழக்கம் நல்ல பழக்கம்தான், நன்றாக வேக வைத்தால் போதும். கீரை, பருப்போடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா என்று ஏதாவது புளிப்பைச் சேர்த்தால் இரும்பு அதிகமாக உள்ளே போகும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அதில் பெரும்பகுதி வீண். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

ஏற்கெனவே சோகை வந்தவருக்குச் சாப்பாடு மட்டும் போதாது. அரசு தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காவது மாதத்திலிருந்து தினமும் ஒன்று, குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். சோகை இருந்தால் டாக்டர் இரண்டாக்குவார், தேவைப்பட்டால் ஊசி வழியாகவும் ஏற்றுவார். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள். கால்சியம் மாத்திரையை இதோடு சேர்த்து விழுங்காதீர்கள், ஒன்றை ஒன்று தடுக்கும். தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். இந்த நேரக்கணக்கு தெரியாமல்தான் மாத்திரை சாப்பிட்டும் பலன் இல்லாமல் போகிறது.

இந்த மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் அமிலத்தின் கதையில் நம் ஊருக்கும் இடம் உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் இந்தியாவுக்கு வந்து, பம்பாயில் கர்ப்பிணிகளைத் தாக்கிய ஒருவகைச் சோகையை ஆராய்ந்தார். இடையில் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், பிறகு சென்னை திருவல்லிக்கேணியில் நாம் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் மருத்துவமனையிலும் வேலை பார்த்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தச் சோகை குணமாகிறது என்று 1931இல் எழுதினார். அதில் இருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. குழந்தையின் தண்டுவடம் கருத்தரித்த நான்கே வாரத்தில் மூடிவிடுவதால், ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனி மாத்திரையாகக் கருத்தரிக்கும் முன்பே, தினம் 400 மைக்ரோகிராம் என்று தொடங்குவது நல்லது.

பச்சரிசி, பல்பம், சாம்பல், விபூதி எல்லாம் சாப்பிடத் தோன்றுகிறது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட ஒன்றுமில்லை. கர்ப்பிணிகள் மண்ணை விரும்பித் தின்பது புறநானூற்றின் 20ஆம் பாட்டிலேயே வருகிறது. எதிரிகளால் கொள்ள முடியாத சேரநாட்டு மண்ணை, மசக்கைப் பெண்கள் மட்டும்தான் உண்பார்களாம். இன்று மருத்துவர்கள் இந்த ஆசைக்கும் இரும்புக் குறைவுக்கும் தொடர்பு இருப்பதாகப் பார்க்கிறார்கள். மண்ணிலும் பல்பத்திலும் புழு முட்டையும் ஈயமும் இருக்கலாம் என்பதால் தவிர்க்க வேண்டும். கட்டாயம் உங்கள் நர்சம்மாவிடமோ டாக்டரிடமோ சொல்லி ஹீமோகுளோபின் பாருங்கள். இரும்பு ஏறிய பிறகு இந்த ஆசை பல பேருக்குத் தானாகவே போய்விடுகிறது.

பப்பாளி, அன்னாசி, எள் தொடவே கூடாதா? குங்குமப்பூ போட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமா?

நன்றாகப் பழுத்த பப்பாளியை ஒன்றிரண்டு துண்டு சாப்பிடுவதால் கரு கலைந்துவிடாது. பால் வடியும் காயும் அரைப்பழுப்பும்தான் வேண்டாம், அந்தப் பாலுக்குக் கருப்பையைச் சுருங்க வைக்கும் தன்மை உண்டு. அன்னாசியை ஒரு கிண்ணம் சாப்பிடலாம். எள்ளுருண்டையும் இட்லிப் பொடியும் இரும்பும் கால்சியமும் தருபவை, பயமில்லாமல் சாப்பிடுங்கள். தெரிந்தே பப்பாளி சாப்பிடுவதா என்று மனம் ஒப்பவில்லையென்றால் கொய்யா சாப்பிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் கரு கலைந்துபோன ஒரு பெண்ணிடம் “நீ அன்னைக்குப் பப்பாளி சாப்பிட்டியே” என்று யாரும் சொல்லக் கூடாது. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதி, குரோமோசோம் கோளாறால் கலைகின்றன. அதற்கு அவர் சாப்பிட்ட எதுவும் காரணமில்லை.

குங்குமப்பூவுக்கும் குழந்தையின் நிறத்துக்கும் தொடர்பே இல்லை. அந்தக் காசுக்கு ஒரு மாதம் முட்டை வாங்கலாம். எல்லா நிறமும் நல்ல நிறம்தான்.

மீன், ஈரல், ஆஃப் பாயில்?

மத்தி, நெத்திலி, சங்கரா போன்ற சின்ன மீன்கள் வாரம் இரண்டு முறை நல்லது. சுறா மாதிரிப் பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், அவற்றைத் தவிருங்கள். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். முதல் மூன்று மாதம் வேண்டவே வேண்டாம், பிறகும் தவிர்ப்பதே நல்லது. முட்டையும் கறியும் முழுதாக வெந்திருக்க வேண்டும். பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது.

சைவம் மட்டும் சாப்பிடுகிறேன். போதுமா?

போதும், கொஞ்சம் கவனம் இருந்தால். வைட்டமின் பி12 செடிகொடிகளில் கிடைக்காது. பால், தயிர், மோர் தினமும் வேண்டும், ரத்தத்தில் அளவு குறைந்தால் மாத்திரையும் வேண்டும். கால்சியத்துக்குக் கேழ்வரகு நல்லது, 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. அப்புறம், இப்போது பல வீடுகளில் இந்துப்புக்கு மாறிவிட்டார்கள். கர்ப்ப காலத்தில் அது வேண்டாம். குழந்தையின் மூளைக்கும் உங்கள் தைராய்டுக்கும் அயோடின் தேவை. அயோடின் கலந்த சாதாரண உப்பே போடுங்கள்.

சர்க்கரை வந்துவிட்டது. சோற்றை விட்டுவிட்டு கேழ்வரகுக் கஞ்சி குடிக்கட்டுமா?

கஞ்சியும் கூழும் மாவாக அரைத்துக் குடிப்பவை. சட்டென்று செரித்து, சோறு போலவே சர்க்கரையை ஏற்றிவிடும். சிறுதானியம் என்றாலே சர்க்கரை ஏறாது என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். சோற்றை விட வேண்டியதில்லை, அளவைக் குறைத்து, பொரியலையும் பருப்பையும் கூட்டுங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரியுங்கள். ஜூஸ் வேண்டாம், பழமாகவே கடித்துச் சாப்பிடுங்கள். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் அளவு நன்றாகவே இறங்குகிறது.

கர்ப்ப காலச் சர்க்கரையைக் கண்டுபிடிக்க நம் நாட்டில் பரவலாகச் செய்யும் சோதனை எளிமையானது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140ஐத் தொட்டால் சர்க்கரை இருக்கிறது என்று பொருள். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. வெகு தூரத்திலிருந்து பஸ் ஏறி வரும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! இந்த முறைக்காக உழைத்தவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. அவர் பிறந்த மார்ச் 10ஐ இந்தியாவில் கர்ப்ப காலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். முதல் வருகையிலும், 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். பிரசவமாகி ஆறு வாரம் கழித்தும் ஒருமுறை பார்க்க வேண்டும். பிள்ளை வந்த மும்முரத்தில் எல்லோரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

மலச்சிக்கல், நெஞ்செரிச்சல்?

முதலாவதற்கு வாழைத்தண்டு, கீரை, கொய்யா, முழுப்பயறு, நிறையத் தண்ணீர். இரும்பு மாத்திரையால் கூடியிருந்தால் மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் வேறு வகை கேளுங்கள். இரண்டாவதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதும், ராத்திரிச் சாப்பாட்டை ஏழு, ஏழரைக்கே முடித்து, இரண்டு மணி நேரம் கழித்துத் தலைப்பக்கம் உயர்த்திப் படுப்பதும் உதவும்.

விரதம் இருக்கலாமா?

ஒரு வேளை பலகாரத்தோடு முடியும் விரதம் என்றால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யலாம். தண்ணீர் இல்லாத விரதம் வேண்டாம். இஸ்லாத்தில் கர்ப்பிணிகளுக்கு ரமலான் நோன்பிலிருந்து விலக்கு உண்டு. சர்க்கரையோ சோகையோ இருப்பவர்கள் எந்த விரதமும் இருக்கக் கூடாது.

நல்ல சாப்பாடு சாப்பிட்டால் மனசும் நன்றாக இருக்குமா? காரணமே இல்லாமல் அழுகை வருகிறது.

வேளாவேளைக்குச் சாப்பிட்டு, இரும்பும் பி12ம் சரியாக இருந்தால் மனத்துக்கும் கொஞ்சம் தெம்பு வரும். பிடித்ததைச் சாப்பிடும் சந்தோஷமும் சாதாரணமானதில்லை. ஐந்தாம் மாதத்தில் அம்மா வீட்டு வத்தக்குழம்பு கேட்டால், சத்து இருக்கிறதா என்று யாரும் கணக்குப் பார்க்க வேண்டாம், வைத்துக் கொடுங்கள். ஏழாம், ஒன்பதாம் மாத வளைகாப்பில் புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமுமாக ஆக்கி வந்து போடுவதில் அந்த அக்கறைதான் இருக்கிறது. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் இல்லாமல் மற்ற நாட்களிலும் அது இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

ஆனால் மனச்சோர்வுக்குச் சாப்பாடு மருந்தாகாது. இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவை இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

நான் கணவர். நான் என்ன செய்ய முடியும்?

எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சம் இருப்பதை அவர் கடைசியில் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். நம் வீடுகளில் முட்டை, மீன், கெட்டிக் குழம்பு எல்லாம் அதற்குள் தீர்ந்திருக்கும். எத்தனை சத்துப் பட்டியல் எழுதி ஒட்டினாலும் இந்த ஒன்று மாறாமல் எதுவும் மாறாது. அவரோடு சேர்ந்து உட்காருங்கள், அவர் தட்டில் முதலில் வையுங்கள். உங்கள் அம்மாவிடம் அவருக்காக நீங்கள் பேசுங்கள், அவரையே அத்தையிடம் கேட்க வைக்காதீர்கள். காலை டிபனை நீங்கள் செய்யுங்கள். முட்டை வேகவைக்கவும் சுண்டலுக்கு ஊறப்போடவும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். மாத்திரை நேரத்தையும் நீங்களே நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் காசு வேண்டாமா?

வேண்டும். கேழ்வரகு, முருங்கைக்கீரை, மத்தி, வேர்க்கடலை, முட்டை என்று இங்கே சொன்னவை முடிந்தவரை விலை குறைந்தவைதான். அதற்கும் மேலே, கர்ப்பம் உறுதியானதும் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்துவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் அளவுக்குக் கிடைக்கிறது, தவணைகளாக வரும். அங்கன்வாடியில் சத்துமாவு தருகிறார்கள். அதை வீட்டில் எல்லோரும் பங்குபோடாமல் கர்ப்பிணிக்கே கொடுங்கள். உருண்டை பிடித்தாலும், தோசை மாவில் கலந்தாலும் நன்றாக இருக்கும்.

எதற்கெல்லாம் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, ரத்தப்போக்கு, நீர் போவது, குழந்தையின் அசைவு குறைவது, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குவது. இதில் எது வந்தாலும் கஷாயம் வைத்துப் பார்க்காமல், காலை வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். அவசரம் இல்லாத சந்தேகங்களுக்கு 104 இருக்கிறது.